பாட்டியும் புக்கிட் பூத்துஸ் ஏற்றமும்

எங்கள் பாட்டி கோலப்பிலாவுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வசிக்கிறார். பால்மரம் சீவிய காலந்தொட்டு அதே லயத்து வீடுதான். மாதம் ஒருமுறை கண் சிகிச்சைக்காக அவரைச் சிரம்பானில் உள்ள எங்கள் வீட்டிற்கு அழைத்து வர வேண்டும். போய்வர ஏறக்குறைய 100 கிலோமீட்டர். இடையில் புக்கிட் பூத்துஸ் மலை ஏற்றம் வேறு.

அப்பா சென்ற ஆண்டு ஒரு பழைய மின்சார மகிழுந்தை வாங்கினார். அதன் மின்கலம் தேய்ந்து, இப்போது 18 கிலோவாட் மணிதான் கொள்ளும். தோட்டத்தில் மின்னேற்ற நிலையம் கிடையாது. நடுவழியில் வண்டி நின்றுவிட்டால், கண் சரியாகத் தெரியாத பாட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? "பேசாமல் வேனையே வாடகைக்கு எடுத்துவிடலாம்," என்றார் அப்பா.

"முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம், அப்பா," என்று மடிக்கணினியைத் திறந்தார் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படிக்கும் என் அண்ணன்.

மின்கலம் தரும் ஆற்றல் முழுவதும் சக்கரத்தைச் சேர்வதில்லை. மோட்டாரின் செப்புக் கம்பிச் சுருளில் மின்னோட்டம் பாயும்போது ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் இந்த வெப்பம் நான்கு மடங்காகும். ஜேம்ஸ் ஜூல் என்பவர் 1841ஆம் ஆண்டிலேயே இதை வெளியிட்டார். மோட்டாரின் இரும்பு உள்ளகத்தில் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருப்பதால் இன்னொரு பகுதி வீணாகும். வேகம் கூடக் கூட இந்த இழப்பும் கூடும். அதைக் குறைக்கத்தான் உள்ளகத்தை ஒரே கட்டியாக வார்க்காமல் மெல்லிய தகடுகளை அடுக்கிச் செய்கிறார்கள். உராய்வு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். இவ்வளவு போனாலும், நல்ல மோட்டார் தனக்குக் கிடைத்த ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கை வேலையாக மாற்றிவிடும். சாலையில் ஓடும் பெட்ரோல் இயந்திரம் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கைக்கூட மாற்றுவதில்லை. ஆனால், அந்த ஒன்பது பங்கு எல்லா வேகத்திலும் எல்லாச் சுமையிலும் கிடைத்துவிடாது.

லாரி ஓட்டிப் பழகிய அப்பா, ஏற்றத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் மின்சாரம் மிச்சமாகும் என்று எண்ணினார். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. மெதுவாகப் போனாலும் ஏற்றத்தில் வண்டியைத் தள்ளுவதற்கு ஏறத்தாழ அதே முறுக்குவிசைதான் தேவை. ஆகவே, கம்பியில் பாயும் மின்னோட்டமும் அதேதான். வேகத்தைப் பாதியாக்கினால் அந்த வெப்பம் இரு மடங்கு நேரம் வீணாகிக்கொண்டிருக்கும். குளிரூட்டியும் அவ்வளவு நேரம் ஓடும். மிக விரைந்தாலோ காற்றின் தடை ஆற்றலைத் தின்னும். 40 கிலோமீட்டர் வேகமே 20ஐ விடச் சிக்கனம் என அவருடைய அட்டவணை காட்டியது. 1,600 கிலோகிராம் எடையை 100 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டும் 0.44 கிலோவாட் மணி ஆற்றல் வேண்டும். இறக்கத்தில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். வழியில் மறுபடியும் இழப்பு உண்டென்பதால் முழுவதும் கிடைக்காது.

வீடு திரும்பும்போது மின்கலத்தில் 20 விழுக்காடு மிஞ்சும் என்றது கணக்கு. கோலப்பிலாவிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. பாட்டி பின்னிருக்கையில் அயர்ந்து தூங்கினார். அப்பாவின் கண் மின்கல அளவையே சுற்றி வந்தது. வாசலில் வண்டியை நிறுத்தியபோது 14 விழுக்காடு இருந்தது. நனைந்த சாலை சக்கரத்தைக் கூடுதலாக இழுத்துப் பிடிக்கும் என்பதால், அண்ணன் தம் அட்டவணையில் மழைக்கென ஒரு வரிசையைச் சேர்த்திருக்கிறார். அடுத்த மாதமும் அதே வண்டிதான். ஆனாலும், வேன்காரரின் எண்ணை அப்பா இன்னும் கைப்பேசியிலிருந்து நீக்கவில்லை.