கரையில் காத்திருப்போர்

படகொன்றை ஒரு நாள் வாடகைக்கு அமர்த்திக் குழுவாகக் கடலுக்குச் சென்று மீன்பிடித்து மகிழ்வது, கடலோர நாடுகள் பலவற்றில் காணப்படும் வழக்கம். கடலற்ற மதுரைச் சமவெளியிலும் கூடி மீன்பிடிக்கும் ஒரு நாள் உண்டு. இங்குப் படகும் இல்லை, கட்டணமும் இல்லை. கோடையில் கண்மாய்களில் நிகழும் மீன்பிடித் திருவிழாவே அது.

வடகிழக்குப் பருவமழையால் நிரம்பிய கண்மாய், அறுவடை முடிந்து வெயில் ஏறும் காலத்தில் வற்றத் தொடங்கும். நீர் முழங்கால் அளவிற்குக் குறைந்ததும், மேலூர், கொட்டாம்பட்டி வட்டாரச் சிற்றூர்களில் பெரியவர்கள் கூடி நாள் குறிப்பர். செய்தி சுற்றுப்புற ஊர்களுக்கெல்லாம் பரவும். மதுரை மாநகருக்குள் அடங்கிவிட்ட பழங்காநத்தம் போன்ற பகுதிகளில் வாழ்வோரும், சொந்த ஊரின் அழைப்பைக் கேட்டு விடியுமுன் புறப்படுவதுண்டு.

ஊத்தா, கச்சா, வலை, கூடை எனக் கைக்குக் கிடைத்த கருவியோடு மக்கள் கரையில் திரள்வர். ஊத்தா என்பது மூங்கிற்குச்சிகளால் பின்னப்பட்டு இருபுறமும் திறந்த கூடு. அகன்ற வாயைச் சேற்றில் அழுத்தினால் உள்ளே சிக்கிய மீன் துள்ளி மோதும். மேல்வாய் வழியே கையை விட்டு அதனைப் பிடிப்பர். கெளுத்தியின் முள் கையைப் பதம் பார்க்கும். விராலோ வழுக்கி நழுவும். ஆதலால் இதில் வலிமையினும் பழக்கமே உதவும்.

எத்தனை பேர் திரண்டாலும், குறித்த நேரத்திற்கு முன் நீரில் இறங்குதல் முறையன்று. ஊர்த்தெய்வத்தை வழிபட்டபின் பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அக்கணமே அனைவரும் ஒருசேரப் பாய்வர். முந்தி வந்தவர், செல்வர், உள்ளூரார் என்னும் வேறுபாட்டை அந்த ஒரு துண்டின் அசைவு நீக்கிவிடுகிறது. கண்மாய் மீன்களை ஏலத்தில் குத்தகைக்கு விட்டால் பணம் கிடைக்கும். அவ்வருவாயை விடுத்து, மீன்களை அனைவர்க்கும் பொதுவாக்கும் ஊர்களும் உள்ளன. பிடித்த மீனை விற்பதில்லை. வீட்டில் சமைத்து உற்றாரோடு பகிர்ந்துண்பதே மரபு. இதனால் மழை பொழியும், விளைச்சல் பெருகும் என்பது மக்கள் நம்பிக்கை.

இந்நம்பிக்கைக்குள் ஓர் உண்மையும் அடங்கியுள்ளது. வரத்துக்கால் தூர்ந்தால் கண்மாய்க்கு நீர் வாராது. நீர் வாராத ஆண்டில் மீனும் இல்லை, திருவிழாவும் இல்லை. நகரம் விரியும்போது கண்மாய்கள் சுருங்குகின்றன. பழங்காநத்தத்திற்கு அருகில் உள்ள மாடக்குளம் கண்மாய் இன்றும் நீர் தேக்குகிறது. அதற்கு வரும் நீரின் வழியை அறிந்து காப்பது அதனைச் சூழ வாழ்வோரின் கடமையாகும். வெள்ளைத் துண்டு அசையும்வரை கரையில் காத்திருக்கக் கற்ற மக்கள், பொதுவுடைமையைத் தமதாக்கிக் கொள்ளாமல் காக்கவும் கற்றவர்கள். அப்பாடத்தை அடுத்த தலைமுறை பெறவேண்டுமாயின், நீரும் கரையும் முதலில் எஞ்சியிருத்தல் வேண்டும்.