ரோஸ்மேரித் தைலமும் என் மகளின் கூந்தலும்

இப்போதெல்லாம் நாலு பெண்கள் கூடினால் ரோஸ்மேரி பேச்சு வந்துவிடுகிறது. "தடவினா முடி கொட்டறது நின்னுடுமாமே!" என்கிறார்கள். மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி இது. நம் நீலகிரியின் குளிர் ஒத்துக்கொண்டதால் அங்கே பயிராகவும் வளர்க்கிறார்கள். கோவையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு தொட்டி வைத்திருக்கிறேன்.

என் மகள் தலைச்சன் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு நாலாம் மாதம் பிறந்ததும் அவளுக்குக் கொத்துக் கொத்தாக முடி உதிர ஆரம்பித்தது. சீப்பைத் தொடவே பயந்தாள். "அம்மா, வழுக்கை விழுந்துடுமோ?" என்று குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே அழுதாள். கடையில் வாங்கிய ரோஸ்மேரி எண்ணெயை அப்படியே தலையில் ஊற்றிக்கொள்ளப் போனவளைத் தடுத்து, முதலில் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன்.

கர்ப்ப காலத்தில் உதிராமல் தங்கிய முடியெல்லாம் பிரசவமான சில மாதங்களில் சேர்ந்து உதிருமாம். குழந்தைக்கு ஒரு வயசாவதற்குள் பெரும்பாலும் சரியாகிவிடுமாம். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9 கிராம்தான் இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, "தைலம் தடவுங்க, வேண்டாங்கலை. ஆனா மாத்திரையை விட்டுடாதீங்க" என்றார்.

ரோஸ்மேரி வளர்ப்பது கஷ்டமில்லை. நாலு அங்குல நீளத்தில் இளங்கிளையை வெட்டி, அடிப்பாதி இலைகளை உருவிவிட்டு, மண்ணும் மணலும் சமமாகக் கலந்த தொட்டியில் நட வேண்டும். ஒன்றிரண்டு மாதத்தில் வேர் பிடித்துவிடும். காலை வெயில் நன்றாகப் படட்டும். தினம் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். அடைமழையில் நனையாமல் ஓரமாக நகர்த்தி வையுங்கள்.

தைலத்துக்கு இலையைக் கழுவி, நிழலில் மொறுமொறுப்பாகக் காய வையுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் கெட்டுவிடும். ஒரு கப் காய்ந்த இலைக்கு இரண்டு கப் தேங்காயெண்ணெய். அடுப்பில் வெந்நீர்ப் பாத்திரம் வைத்து, அதன்மேல் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்து, சிறு தீயில் ஒரு மணி நேரம் சூடாக்க வேண்டும். எண்ணெய் காயக் கூடாது, பொரியக் கூடாது. ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டி, ஈரமில்லாத பாட்டிலில் ஊற்றி, இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். இது தலைக்கு மட்டும்தான், சமையலுக்கு வேண்டாம்.

கடையில் சின்னக் குப்பியில் விற்பது வேறு. அது ஆவியில் வடித்த சத்து, ரொம்பக் காரம். ஒரு டீஸ்பூன் தேங்காயெண்ணெய்க்கு இரண்டு சொட்டுக்கு மேல் கூடாது. எதுவானாலும் முதலில் முழங்கை உள்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்கள். கர்ப்பிணிகளும் வலிப்பு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். கைக்குழந்தைக்குத் தடவவே கூடாது. தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள்.

2015ல் ஈரான் நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. பரம்பரை வழுக்கை உள்ள ஆண்களுக்கு ஆறு மாதம் ரோஸ்மேரி எண்ணெயும், 2 சதவீத மினாக்சிடில் மருந்தும் தடவிப் பார்த்ததில் பலன் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததாம். மூன்றாம் மாதம் வரை இரண்டிலுமே மாற்றம் தெரியவில்லையாம். பிரசவித்த பெண்களை அதில் சேர்க்கவில்லை.

வாரம் இரண்டு நாள், குழந்தை தூங்கும் நேரம் பார்த்து மகளை முன்னால் உட்கார வைத்துத் தைலம் தேய்த்துவிட்டேன். அந்த அரைமணியில்தான் ராத்தூக்கம் இல்லாததையும், காரணமில்லாமல் அழுகை வருவதையும் சொன்னாள். அதையும் டாக்டரம்மாவிடம் சொன்னோம். ராத்திரி பாதி நேரம் குழந்தையை நான் பார்த்துக்கொண்டேன். பேரனுக்குப் பத்து மாதம் ஆனபோது அவள் நெற்றியோரம் குட்டிக் குட்டியாகப் புதுமுடி எட்டிப் பார்த்தது. மாத்திரையா, தூக்கமா, காலமா, தைலமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டிலும் பிள்ளை பெற்றவள் இருந்தால் தைலம் காய்ச்சிக் கொடுங்கள். கூடவே ரத்தத்தையும் பரிசோதித்துவிடுங்கள்.