பூட்டின் நாக்கு

பூட்டு சரியில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் சாத்திய கதவில் சாவியைத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு திருகிப் பார்க்கவேண்டும். நாக்கு தடையில்லாமல் வெளியே வந்து காற்றில் நின்றால், மறுபடி திருகும்போது உள்ளே போனால், பூட்டில் பழுது இல்லை. பூட்டு என்று நாம் சொல்வதில் பாதிதான் கதவில் இருக்கிறது. மறுபாதி நிலையில் இருக்கும் ஒரு துளை; வெறும் இன்மை. இரண்டும் நேருக்கு நேர் வரும்போது மட்டுமே பூட்டு என்ற ஒன்று உண்டாகிறது. இதை இலக்கியத்துக்கு உவமையாக்கும் உத்தேசம் எனக்கில்லை. உவமையாகிவிட்டால் அப்புறம் யாரும் கதவைச் சரிசெய்ய மாட்டார்கள்.

கும்பகோணத்துப் பக்கம் ஒரு சிற்றூரில் தனியாக இருக்கும் என் அம்மாவின் வீட்டு வாசல் கதவு, ஒரு ஐப்பசி மழையில் பூட்டாமல் போயிற்று. அம்மா யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக் கதவைத் தூக்கிக்கொண்டு மறு கையால் சாவியைத் திருகியிருக்கிறாள். அப்படிச் செய்தால் பூட்டும். கார்த்திகையில் கைக்கு அந்த வலு இல்லாமல் போனதும், கதவைச் சாத்தி அம்மிக்குழவியை அணை கொடுத்துவிட்டுப் படுத்திருக்கிறாள். மேல் தாழ்ப்பாளும் அதன் துளைக்குப் போய்ச் சேரவில்லை. நான் போனபோது குழவி நடையில் கிடந்தது. கேட்டேன். "ராத்திரி காத்துக்குக் கதவு அடிச்சுக்குதுடா" என்றாள். திருட்டு என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. பயம் என்ற சொல்லையும்.

கடைத்தெருவில் விசாரித்தேன். புதுப் பூட்டு போட்டுவிடச் சொன்னார்கள். ஆசாரி வந்து முதலில் பூட்டைத் தொடவே இல்லை. நாக்கின் நுனியில் விளக்குக் கரியைத் தடவி, கதவைச் சாத்தி, சாவியை முடிந்தமட்டும் திருகிவிட்டுத் திறந்தார். நிலையில் பதித்த தகட்டில், துளையின் கீழ் விளிம்பைத் தாண்டி ஒரு நூல் அளவுக்குக் கரி அப்பியிருந்தது. ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. "பூட்டு நல்லாத்தான் இருக்கு சார். கதவுதான் தொங்கிடுச்சு" என்றார்.

மேல் கீலின் திருகாணிகள் மரத்தில் பிடிப்பு விட்டிருந்தன. அவற்றைக் கழற்றி, தளர்ந்த துளைகளில் தேக்குச் சிம்புகளை வஜ்ஜிரம் தடவி அடித்தார். காய்ந்தபின், மறுநாள், நீளமான திருகாணிகளை ஏற்றினார். கதவு ஒரு நூல் நிமிர்ந்தது. ஈரத்தில் ஊதி லேசாக உரசிய ஓரத்தை இழைக்க மறுத்துவிட்டார். பங்குனி வெயிலில் மரம் தானே சுருங்கும். இப்போது இழைத்தால் அப்போது சந்து விழும் என்றார்.

வஜ்ஜிரம் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் பூட்டைப் பிரித்துப் பார்த்தேன். அடுக்கி வைத்த பித்தளைத் தகடுகள், லீவர்கள். ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் கீழே அழுத்துகிறது. சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒரு லீவரை அதற்குரிய உயரத்துக்குத் தூக்கவேண்டும். குறைந்தாலும் நாக்கு நகராது, கூடினாலும் நகராது. கூடினாலும் கூடாது என்ற யோசனை 1778ல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரனுக்குத் தோன்றியது. 1818ல் ஜெரமையா சப் செய்த பூட்டு, யாராவது கள்ளச்சாவி போட்டுப் பார்த்தால் இறுகிக்கொண்டு, வீட்டுக்காரனுக்கு அதைக் காட்டிக்கொடுத்தது. 1851ல் லண்டனில் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதைத் திறந்துகாட்டினார். பிறகு, யாராலும் முடியாது என்று சவால் விட்டு வைத்திருந்த பிராமா பூட்டையும் 16 நாட்களில், 51 மணி நேர உழைப்பில் திறந்தார். இந்தச் சரித்திரம் முழுக்க வெளியே நிற்பவனைப் பற்றியது.

உள்ளே இருப்பவர்களைப் பற்றி யோசிக்க வேறொன்று நடக்கவேண்டியிருந்தது. 1883 ஜூனில், சண்டர்லண்டின் விக்டோரியா ஹாலில் குழந்தைகளுக்கான ஒரு காட்சி. முடிவில் பரிசு கொடுக்கிறார்கள் என்று மாடியிலிருந்து குழந்தைகள் படிகளில் ஓடி இறங்கினார்கள். கீழே இருந்த கதவு, ஒரு சமயத்தில் ஒருவர் மட்டுமே நுழையும் அளவுக்குச் சந்து விட்டுத் தாழிடப்பட்டிருந்தது. 183 குழந்தைகள் நெரிந்து இறந்தார்கள். அந்தத் தாழ்ப்பாளில் பழுது எதுவும் இல்லை. உள்ளேயிருந்து தள்ளினாலே திறந்துகொள்ளும் தாழ்ப்பாளுக்கு ராபர்ட் பிரிக்ஸ் காப்புரிமை பெற்றது 1892ல்.

மறுநாள் அம்மாவின் கதவு பூட்டியது. அதற்குப் பிறகுதான் பிரச்னையே ஆரம்பித்தது. அது இரு பக்கமும் சாவி போடும் பூட்டு. உள்ளே சாவி செருகியிருந்தால் வெளியே மாற்றுச் சாவி நுழையாது. மேல் தாழ்ப்பாளும் இப்போது ஒழுங்காக விழுந்தது. 78 வயதானவள் ராத்திரியில் தடுக்கி விழுந்தால் யார் எப்படி உள்ளே போவது? குழவி வைத்த கதவை நாலு பேர் சேர்ந்து தள்ளியே திறந்திருக்கலாம். பழுது பார்த்தது, அந்த ஒரு வழியையும் அடைத்துவிட்டது. தாழ்ப்பாளைப் போடவேண்டாம், ஒரு சாவி என்னிடம் இருக்கட்டும் என்றேன்.

"தாழ்ப்பா உள்ள இருக்கிறவளுக்குத்தான்டா. வெளியில இருக்கிறவன் நெனச்சா தெறந்துக்கலாம்னா அது என்ன வீடு?" என்றாள் அம்மா.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆசாரி உளிகளைச் சாக்கில் சுருட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "சாவிய ஓட்டையிலயே விட்டுட்டுப் படுக்காதீங்கம்மா. ஆணியில மாட்டிடுங்க. அது போதும்."

அம்மா அன்று சாயங்காலமே ஏற்பாட்டை முடித்துவிட்டாள். மாற்றுச் சாவி எனக்கில்லை. விடியற்காலையில் பால் ஊற்ற வரும், இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெண்ணுக்கு. "நீ வந்து சேர ஆறு மணி நேரம் ஆகும்" என்றாள். கணக்கு சரிதான். ராத்திரியில் பூட்டு மட்டும்; சாவி ஆணியில். மேல் தாழ்ப்பாளைப் பகல் தூக்கத்துக்கு வைத்துக்கொண்டாள். பகலில் அவள் கூப்பிட்டால் தெருவில் நாலு பேருக்குக் கேட்கும். ராத்திரியில் யார் உள்ளே வரலாம் என்பதை அவளே முடிவு செய்துவிட்டாள்.

இப்போது ஊருக்குப் போனால் கதவைத் தட்டிவிட்டு, உள்ளே நாக்கு பின்வாங்கும் சத்தம் கேட்கும்வரை நிற்கிறேன்.