பொன் கேட்காத குதிரை

2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த நாட்களில்தான் நான் முதன்முதலாகக் குதிரை ஓட்டினேன். உயிருள்ள குதிரை அல்ல. நானாவின் பழைய கணினியில், சுட்டியை அழுத்திய இடத்துக்கு ஓடிப் போய் நிற்கும் குதிரை. அப்போது நான் தரம் 8. ஒன்லைன் பாடங்கள் முடிந்து, அஸர் தொழுத பிறகு, மஃரிப் பாங்கு சொல்லும் வரை எங்களுக்கு விளையாட அனுமதி இருந்தது.

"பொம்புளப் புள்ளக்கி என்னத்துக்கு யுத்தம்?" என்று உம்மா கேட்பார்.

"யுத்தமில்ல உம்மா, சரித்திரப் பாடம்" என்று நானா சொல்வார்.

அது முழுப் பொய்யும் அல்ல. அந்த விளையாட்டின் பெயர் ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2. 1999 இல் வெளியான, என்னை விட வயதில் மூத்த விளையாட்டு. அதில் நாம் ஒரு சமூகத்தைத் தெரிவு செய்து, இருண்ட காலம், நிலமானிய காலம், கோட்டைக் காலம், பேரரசுக் காலம் என நான்கு காலங்களைக் கடந்து போக வேண்டும். சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபியின் வரலாறு ஆறு கட்டங்களாக அதில் இருக்கிறது. அதனால் நான் எப்போதும் சரசெனியர்களைத்தான் எடுப்பேன். அரபுகளுக்கு ஐரோப்பியர் அந்தக் காலத்தில் வைத்த பெயர் அது.

ஆட்டம் தொடங்கும்போது நமக்கு இருப்பது ஓர் ஊர் மையம், மூன்று குடிமக்கள், குதிரை மேல் ஒரு வேவு வீரன். திரையில் மற்ற இடமெல்லாம் கறுப்பு. அந்தக் குதிரை போகும் இடம் மட்டும்தான் வெளிச்சமாகும். ஆடு எங்கே மேய்கிறது, பன்றி எங்கே திரிகிறது, பொன்னும் கல்லும் எந்தப் பக்கம், எதிரியின் ஊர் எந்தத் திசை என்பதெல்லாம் அது ஓடினால்தான் தெரியும். அது நின்றுவிட்டால் நாம் குருடர்.

முதல் ஆட்டத்தில் நான் அதை எதிரியின் ஊர் மையத்துக்குள்ளேயே ஓட்டினேன். உள்ளிருந்து பறந்து வந்த அம்புகளில் சில விநாடிகளில் அது விழுந்தது. "போனாப் போகுது, ஒரு குதிரைதானே" என்றேன். பக்கத்தில் தஸ்பீஹுடன் இருந்த உம்மும்மா திரையை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மகள், அந்தக் குதிரக்காரன் எங்க?"

"மௌத்தாயிட்டான் உம்மும்மா."

"அல்லாஹ்வே, நீ போகச் சென்ன எடத்துக்குத்தானே அவன் போன?"

நானா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு, என் குதிரை எங்கே போகிறது என்று பார்க்காமல் சுட்டியை அழுத்த எனக்கு மனம் வரவில்லை.

கோட்டைக் காலத்துக்கு வந்ததும் வேவு வீரனை இலகு குதிரைப்படையாகத் தரமுயர்த்தலாம். 45 ஆக இருந்த உயிர்ப்புள்ளி 60 ஆகும். இரும்புக் கவசம் பூண்ட நைட் வீரனுக்கோ 100. ஒரு நைட்டுக்கு 60 உணவும் 75 பொன்னும் வேண்டும். இலகு குதிரைவீரனுக்கு 80 உணவு மட்டும் போதும். பொன் ஒரு துண்டும் வேண்டாம். இந்தக் கணக்கைப் பார்த்த நான் நைட்டின் பக்கமே சாய்ந்தேன். பெரியவன், பலசாலி, பார்க்கவும் அழகு. நானா ஐந்தாறு இலகு குதிரைகளுடன் வந்து, விறகு வெட்டிக்கொண்டிருந்த என் குடிமக்களைக் கொன்றுவிட்டு, என் நைட்டுகள் வந்து சேர்வதற்குள் போய்விடுவார். குடிமகனுக்கு 25 உயிர்ப்புள்ளிதான். அவன் செத்தால் விறகும் நிற்கும், வயலும் நிற்கும், கடைசியில் நைட்டும் நிற்பான்.

தோற்றுத் தோற்றுத்தான் நான் இலகு குதிரையைப் படித்தேன். ஈட்டிக்காரனிடம் அதை அனுப்பக் கூடாது. 35 உணவுக்கும் 25 விறகுக்கும் கிடைக்கும் ஈட்டிக்காரன் சில குத்துகளில் அதைச் சாய்த்துவிடுவான். ஒட்டகப் படையும் அதற்கு எமன். ஆனால் தூரத்தில் நின்று கல்லெறியும் பொறிக்கு அருகே குதிரை போய்ச் சேர்ந்துவிட்டால் அந்தப் பொறியால் ஒன்றும் செய்ய முடியாது. எதிரியின் வீரரைத் தம் பக்கம் மாற்றிக்கொள்ளும் துறவிகள் அந்த விளையாட்டில் உண்டு. நைட்டை மாற்றுவது போல இலகு குதிரையை அவர்களால் எளிதில் மாற்ற முடியாது. அதன் பலம் அடிப்பதில் இல்லை. எங்கே நிற்கக் கூடாது என்று அறிந்து விலகுவதில் இருக்கிறது.

விலகுவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. ஓடினால் தோல்வி என்று நினைத்திருந்தேன். உயர்தரத்தில் இஸ்லாமிய நாகரிகம் படிக்கத் தொடங்கிய பிறகுதான் ஐன் ஜாலூத் பற்றி ஆழமாக அறிந்தேன். 1258 இல் பக்தாத் மொங்கோலியரிடம் வீழ்ந்தது. இரண்டு வருடம் கழித்து, 1260 செப்டம்பர் 3 ஆம் திகதி, பலஸ்தீனத்தின் ஐன் ஜாலூத் பள்ளத்தாக்கில் மம்லூக் சுல்தான் குதுஸ் அவர்களை எதிர்கொண்டார். முன்னணிப் படையுடன் பைபர்ஸ் போனார். தாக்கினார், பின்வாங்கினார், மறுபடி தாக்கினார், மறுபடி பின்வாங்கினார். வெற்றி கைக்கெட்டியதாக நினைத்துத் துரத்தி வந்த மொங்கோலியரை மறைவில் காத்திருந்த பெரும்படை சூழ்ந்துகொண்டது. அவர்களின் தளபதி கித்புகா அன்று கொல்லப்பட்டார். ஓடுவது போல நடித்து எதிரியை இழுத்து வருவது மொங்கோலியரே கைதேர்ந்த உத்தி. அதே உத்தியால் அவர்கள் வீழ்ந்தார்கள்.

இந்தப் பாடத்தைப் படித்த அன்று எனக்கு இன்னொன்றும் விளங்கியது. விளையாட்டில் மம்லூக் வீரன் ஒட்டகத்தில் ஏறி வாளை வீசி எறிவான். உண்மையான மம்லூக்குகளோ குதிரை வீரர்கள். வில்லிலும் ஈட்டியிலும் சிறுவயது முதலே பழக்கப்பட்டவர்கள். குதிரையேற்றம் அவர்களிடம் 'புரூஸிய்யா' என்ற தனிக் கலையாக வளர்ந்திருந்தது. விளையாட்டு வரலாற்றுக்கு வாசலைத் திறக்கிறது. ஆனால் உள்ளே இருப்பதைப் புத்தகத்தில்தான் பார்க்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். நூறாவது சூறாவான 'அல்ஆதியாத்'தை ஓதும்போதும், அல்லாஹ் சத்தியமிட்டுச் சொல்லும் அந்த ஓடும் குதிரைகள் இப்போது என் கண்முன் வருகின்றன. முன்பு அவை எனக்கு மனனம் செய்த சொற்கள் மட்டுமே.

பொன் வேண்டாத படைகளுக்கு இந்த விளையாட்டை ஆடுபவர்கள் வைத்திருக்கும் பெயர் குப்பைப் படை. ஈட்டிக்காரன், எறியீட்டிக்காரன், இலகு குதிரை மூன்றும் அதில் அடங்கும். அந்தப் பெயரைக் கேட்டபோது எனக்கு வலித்தது. "குப்பையெண்டு சென்னாலும் கடைசில நிக்கிறது அதுதான், பாரு" என்றார் நானா. உண்மைதான். ஆட்டம் நீண்டால் நிலத்திலுள்ள பொன் தீர்ந்துபோகும். அப்போது நைட்டை ஆக்க முடியாது. வயலில் விளையும் உணவு மிஞ்சும். அந்த நேரத்தில் முழு அரசையும் தாங்குவது குப்பை என்று அழைக்கப்பட்ட குதிரைதான்.

2022 இல் நம் நாட்டிலும் பொன் தீர்ந்தது. டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, காஸ் இல்லை. மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றது. கணினி தூசி பிடித்துக் கிடந்தது. வாப்பாவின் கடையில் சாமான் குறைந்தது. பிறகு வாங்க வருவோரும் குறைந்தார்கள். உயர்தரம் முடித்திருந்த நானா மேலே படிக்க வேண்டும் என்றிருந்தார். ஒருநாள் இரவு, மெழுகுதிரி வெளிச்சத்தில், "நான் கட்டாருக்குப் போறன்" என்றார். உம்மா அழுதார். வாப்பா ஒன்றும் பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் வெளிநாடு போனதில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது.

புறப்படுவதற்கு முதல்நாள் இரவு நாங்கள் ஓர் ஆட்டம் ஆடினோம். இருவருக்கும் பொன் தீர்ந்தது. என்னிடம் இலகு குதிரைகள் இருந்தன. பொறுமையிழந்து எல்லாவற்றையும் ஒன்றாக நானாவின் ஈட்டிக்காரர் மீது விட்டேன். எல்லாம் போயின. "அவசரப்பட வாணாம் எண்டு எத்தின தரம் சென்னேன்" என்று என் தலையில் குட்டினார். அதுதான் கடைசிக் குட்டு.

அங்கிருந்து நானா கிழமைக்கு இரண்டு தரம் பேசுவார். "சுகம், நல்ல ரூம், நல்ல சாப்பாடு, வேல லேசி." ஒவ்வொரு முறையும் இதே நான்கு செய்தி. உம்மா அல்ஹம்துலில்லாஹ் சொல்வார். எனக்கு மட்டும் சந்தேகம். ஒருநாள் வீடியோவில் அவர் கையைப் பார்த்தேன். உள்ளங்கை முழுதும் வெடித்திருந்தது.

உம்மா அடுப்படிக்குப் போன நேரம் கேட்டேன். "நானா, வேவு பாக்கப் போன குதிர கண்டதச் செல்லணும். செல்லாட்டி ஊர்ல ஈக்கிறவங்களுக்கு எல்லாம் கறுப்புத்தானே?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார். வெயிலில் நிற்கும் வேலை. ஓர் அறையில் எட்டுப் பேர். முதல் மாதம் இரவில் அழுதது. வேலை மாறுவதற்கு வழி தேடிக்கொண்டிருப்பது. கடைசியில், "இப்ப உன்ட நிலமையச் செல்லு" என்றார்.

அதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் அனுப்பும் காசில்தான் என் டியூஷன். முதலாம் தவணையில் பொருளியலுக்கு 38 புள்ளி எடுத்து, அந்த அறிக்கையைக் கொப்பிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். யாருக்கும் தெரியாது. அவர் எட்டுப் பேருக்கு நடுவில் உறங்கி அனுப்பிய காசுக்கு நான் காட்டிய கணக்கு அது. அழுதுகொண்டே சொன்னேன். நானா ஏசவில்லை. "வெளங்காத எடத்துல நின்டு அடிபடாம, போய் டீச்சர்ட்ட கேளு. உம்மாட்டயும் செல்லு. நானும் செல்றன்" என்றார்.

அன்றிரவே நாங்கள் இருவரும் உம்மாவிடம் சொன்னோம். உம்மா அழுதார்தான். ஆனால் மறுநாள் முதல் அவருடைய துஆ மாறியது. "என்ட மகன்ட கைக்கு ஷிபாவக் குடு" என்று கேட்கத் தொடங்கினார். தெரிந்தால்தானே கேட்க முடியும். பாடம் முடிந்ததும் தனியே நின்று கேள்வி கேட்க நானும் பழகிக்கொண்டேன். அடுத்த தவணையில் 57. பெரிய வெற்றி அல்ல. ஒளித்து வைக்கத் தேவையில்லாத புள்ளி.

நானா இப்போது கூரைக்குக் கீழே ஒரு களஞ்சியசாலையில் வேலை செய்கிறார். அவர் சொன்ன தகவல்களைக் கேட்டு, எங்கள் மச்சான் ஒருவர் எல்லாம் அறிந்துகொண்டுதான் போனார்.

சிலவேளை லீவு நாட்களில் நான் தனியே கணினியைத் திறக்கிறேன். கறுப்பான திரையின் நடுவில் அந்த ஒற்றைக் குதிரை நிற்கிறது. ஆடுகளைத் தேடி அனுப்புகிறேன். உம்மும்மா இப்போது எங்களுடன் இல்லை. ஆனாலும், குதிரை எதிரியின் ஊருக்கு அருகே போகும்போதெல்லாம் அவர் கேட்ட கேள்வி காதில் விழுகிறது. உடனே குதிரையைத் திருப்பி எடுத்துவிடுகிறேன்.