பிரேக்கில் புகுந்த காற்று

டேராடூனிலிருந்து முசோரிக்குச் செல்லும் மலைச்சாலையின் நீளம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். டேராடூன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 640 மீட்டர் உயரத்திலும், முசோரி சுமார் 2,000 மீட்டர் உயரத்திலும் உள்ளன. மலையேறும்போது எஞ்சினுக்கு வேலை மிகுதி, இறங்கும்போது பிரேக்குக்கு.

மத்திய அரசுப் பணியில் டேராடூனுக்கு மாற்றலாகி வந்த திருநெல்வேலிக்காரர் ஒருவரிடம் பழைய மாருதி 800 கார் ஒன்று இருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த ஆச்சிக்கு, முசோரியின் லால் டிப்பா முகட்டிலிருந்து பனிமலைகளைக் காட்டவேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். ஞாயிற்றுக்கிழமை செல்வதாக முடிவு செய்தனர். செவ்வாய்க்கிழமை ஆச்சிக்கு ரயில்.

சனிக்கிழமை காலை கடைத்தெருவுக்குச் சென்றபோது பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. பஞ்சை மிதிப்பது போலிருந்தது. மீண்டும் இருமுறை மிதித்ததும் சற்றே உறுதிப்பட்டது. தந்தை, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகளையும் உடன் அழைத்துக்கொண்டு பட்டறைக்குச் சென்றார். "கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிக் கொடுங்கள், மிஸ்திரி, நாளைக்கு முசோரி போகவேண்டும்" என்றார். (வடக்கே வழங்கும் 'மிஸ்திரி'யும் நம் ஊர் 'மேஸ்திரி'யும் ஒரே போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து பிறந்தவை.)

மிஸ்திரி ஆயில் குப்பியைக் கையில் எடுக்கவில்லை. "ஊற்றுவது இருக்கட்டும், சாகப். இருந்த ஆயில் எங்கே போயிற்று?" என்று கேட்டார்.

மிகச் சரியான கேள்வி அது. பெட்ரோலைப் போலப் பிரேக் ஆயில் எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள்ளேயே அடைபட்டிருப்பது. பிரேக் பேட் தேயத்தேயக் கலத்தில் அதன் மட்டம் சிறிது தாழும்; அது இயல்பு. ஒரே வாரத்தில் விரற்கடை அளவு குறைந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள்.

மிஸ்திரி பெடலை விரைவாக நான்கு முறை மிதித்தார், அது மேலெழுந்தது. அவ்வாறு எழுந்தால் குழாயில் காற்று இருக்கலாம். அல்லது பிரேக் ஷூ தேய்ந்து டிரம்மிலிருந்து விலகியிருக்கலாம். பிறகு காலை எடுக்காமல் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தார். பெடல் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. அழுத்தம் எங்கோ தப்பிச் செல்கிறது என்பதற்கு அதுவே சான்று. மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்தாலும் இவ்வாறே தாழும். ஆனால் அப்போது ஆயில் வெளியே வராமலும் இருக்கக்கூடும். இங்கோ கலத்தில் மட்டம் குறைந்திருந்தது. ஆகவே அவர் சக்கரங்களைக் கழற்றலானார். இடப்புறப் பின்சக்கரத்தின் டிரம்மைத் திறந்ததும் உள்ளே ஈரம் பளபளத்தது. வீல் சிலிண்டரின் ரப்பர் முதுமையால் இறுகிப்போயிருந்தது. பிரேக் ஷூவும் ஆயிலில் ஊறியிருந்தது.

"இன்றைக்கு ஆயிலை நிரப்பிக்கொண்டு நாளை போய்வந்தால் என்ன?" என்று தந்தை மீண்டும் கேட்டார்.

"போய்விடலாம், சாகப். வருவதுதான் கடினம்" என்றார் மிஸ்திரி.

அவர் மிகைப்படுத்தவில்லை. திரவத்தை அழுத்திச் சுருக்குவது அரிது. ஆதலால் காலின் அழுத்தம் குழாய்வழியே குறையாமல் சக்கரத்தைச் சேரும். காற்றோ எளிதில் சுருங்கும். மிதிக்கும் விசையைச் சக்கரத்துக்கு அனுப்பாமல் தானே விழுங்கிவிடும். பழைய ஆயிலில் வேறோர் இடரும் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. 'டாட் 3' வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. நீர் கலந்த நிலையில் அவ்வெல்லை 140 பாகையாகத் தாழ்ந்துவிடுகிறது. நெடிய இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழிகள் தோன்றும். அவையும் காற்றைப் போலவே சுருங்குவன.

ஞாயிறன்று டேராடூன் ரயில் நிலையத்தருகே மலைப்பேருந்து ஏறி மூவரும் முசோரிக்குச் சென்றனர். வளைவுகளில் ஆச்சிக்குத் தலைசுற்றியது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே மேலே போய்ச் சேர்ந்தார். லால் டிப்பாவில் அரைமணி நேரம் மேகம் விலகியது. அது போதும் என்றார்.

திங்கள் மாலை, பள்ளி முடிந்து வந்த மகளுக்குப் பட்டறையில் வேலை காத்திருந்தது. மிஸ்திரி இரு பின்சக்கரங்களுக்கும் புதிய வீல் சிலிண்டர்களையும் ஷூக்களையும் பொருத்தியிருந்தார். பழுது ஒருபுறந்தான், ஆயினும் மறுபுறத்து ரப்பருக்கும் அதே வயது அல்லவா? இனிக் காற்றை வெளியேற்ற வேண்டும். எஞ்சின் அணைந்திருந்தது. மகள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தாள். தொலைவிலிருந்த பின்சக்கரத்தில் தொடங்கினார் மிஸ்திரி. "தபாவ்" என்றால் மிதிக்கவேண்டும். "பகட்கே ரக்" என்றால் அழுத்தியபடியே இருக்கவேண்டும். அவர் திருகைத் திறந்ததும் கண்ணாடிபோன்ற குழாயில் குமிழிகள் ஆயிலோடு ஓடின. திருகை மூடிய பின்னரே அவள் காலை எடுத்தாள். முன்னதாக எடுத்தால் வெளியேறிய காற்று மீண்டும் உள்ளே புகுந்துவிடும். நான்கு சக்கரங்களுக்கும் இவ்வாறு செய்து முடிக்க ஒரு மணி நேரமாயிற்று. கலம் வற்றாமல் தந்தை இடையிடையே புதிய ஆயிலை ஊற்றிக்கொண்டிருந்தார். காரின் வண்ணத்தை அரிக்கும் ஆயில் ஆதலால், சிந்திய துளிகளை உடனே நீர்விட்டுத் துடைத்தார்.

இறுதியில் பெடல் சிறிதளவே இறங்கி, கல்லில் மோதியதுபோல் நின்றது. மிஸ்திரி அதை ஒரு நிமிடம் அழுத்திப் பார்த்தார், தாழவில்லை. சமதரையில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்தார். பின்னர்க் கலத்தின் மேல் பேனாவால் ஒரு கோடிட்டு, "ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்" என்றார்.

அடுத்த திங்களன்று பள்ளிக்குப் புறப்படுமுன் மகளே பானெட்டைத் திறந்து பார்த்தாள். ஆயில் கோட்டிலேயே நின்றிருந்தது.