கோடம்பாக்கத்துக் கூரைக்குக் கீழே

கோடம்பாக்கம் என்றதும் உங்களுக்கு ஸ்டூடியோவும் நட்சத்திரங்களும்தான் ஞாபகம் வரும். எனக்கோ மொட்டைமாடிச் சூடுதான்! பவர் ஹவுஸ் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் மூன்றாவது மாடி ஃபிளாட் எங்களுடையது. அதற்கு மேல் வானம்தான். சித்திரை பிறந்துவிட்டால் ராத்திரி பதினொரு மணிக்கும் தளம் அனலாய் வீசும். பிரசவத்துக்கு வந்த என் பெண் கைக்குழந்தையோடு அந்த அறையில்தான் படுத்திருந்தாள். பச்சைக் குழந்தைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு.

"ஃபால்ஸ் சீலிங் போட்டு உள்ளே கிளாஸ் வுல் வைத்துவிடலாம், விலை விசாரித்து வா" என்று என்னவர் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். மெட்ரோ தூண்களை ஒட்டி ஆற்காடு ரோட்டில் வடபழனி வரை நடந்தது நான்தானே!

அறை 10-க்கு 12. முதல் கடையில் சதுர அடிக்கு 85 ரூபாய் என்றார்கள். நாலு கடை தள்ளி 120. அதாவது 10,200 எங்கே, 14,400 எங்கே! கத்தரிக்காயில்கூட இத்தனை வித்தியாசம் பார்த்ததில்லை. "ஏன் தம்பி, உங்க ஜிப்சம் மட்டும் தங்கத்துல செய்ததா?" என்று கேட்டேவிட்டேன்.

அந்தப் பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லை. "ஜிப்சம் மலிவுதாம்மா. அது வந்து சேர்றதுதான் செலவு" என்று ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தான்.

ஜிப்சம் என்பது பூமியில் வெட்டியெடுக்கும் ஒரு கல். நம் நாட்டில் பெரும்பகுதி ராஜஸ்தானில் கிடைக்கிறது. இங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல். ஓமனிலிருந்து கப்பலிலும் வருகிறது. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கமும் உண்டு. ஆனால் சிமெண்டு சீக்கிரம் இறுகிவிடாமல் இருக்க அதிலும் ஜிப்சம் சேர்க்கிறார்களே, அந்தப் பங்கும் போக வேண்டும். உரத் தொழிற்சாலையில் பாஸ்பாரிக் அமிலம் செய்யும்போது மிஞ்சுவதும் ஜிப்சம்தானாம். அமெரிக்காவில் நிலக்கரி மின்நிலையப் புகையைச் சுத்தம் செய்யும்போது கிடைப்பதிலும் போர்டு செய்கிறார்கள். அங்கே வீட்டுச் சுவரே இந்த போர்டுதான் என்பதால், ஒரு பெரிய புயல் அடித்தால் ஊரெல்லாம் ஒரே நேரத்தில் போர்டு தேடும்.

கல்லைச் சுமார் 150 டிகிரியில் வறுத்தால் உள்ளே இருக்கும் நீரில் முக்கால் பங்கு போய்ப் பொடியாகும். மறுபடி தண்ணீர் விட்டுக் குழைத்து இரண்டு காகிதங்களுக்கு நடுவே வார்த்தால் போர்டு. ஆக எரிபொருள் ஏறினால் விலை ஏறும். காகிதம் ஏறினாலும் ஏறும். லாரியில் ஒரு மூலை உடைந்தால் அந்த நஷ்டமும் நம் தலையில்தான். கிளாஸ் வுல்லோ, மணலையும் பழைய கண்ணாடியையும் ஆயிரம் டிகிரிக்கு மேல் உருக்கி நூலாக இழுப்பது. எடையில்லாவிட்டாலும் இடத்தை அடைக்கும் என்பதால், லாரிக்காரர் காற்றுக்கும் சேர்த்து வாடகை வாங்குவார்! தெர்மாகோல் பெட்ரோலியத்திலிருந்து வருவது. கச்சா எண்ணெய் போகிற வழியில் அதுவும் போகும்.

"85-க்கும் 120-க்கும் வித்தியாசம் போர்டுல இல்லம்மா, மேலே மறைஞ்சிருக்கிற ஜி.ஐ. சேனல்ல" என்றான். தகடு மெல்லியதா கனமா, துத்தநாகப் பூச்சு எத்தனை, கம்பிகளை எவ்வளவு இடைவெளியில் தொங்கவிடுகிறார்கள், எல்லாம் அதில் அடக்கம். இரும்பு விலை ஏறும்போது சிலர் தகட்டை மெலிய வைத்து, ரேட்டை மட்டும் பழையபடி சொல்வார்களாம்.

பக்கத்தில் பீடியும் கையுமாக உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார். அந்த நாளில் சினிமா செட்டுக்கு வேலை பார்த்தவராம். 1948-இல் காரைக்குடியிலிருந்து ஏ.வி.எம். இங்கே வந்தது; வாகினியும் அந்த ஆண்டுதான். ராஜ தர்பார் தூண், சிலை எல்லாம் இதே பொடிதான், தேங்காய் நார் சேர்த்து அச்சில் வார்த்தது. வாகினி இருந்த இடத்தில் இன்று ஆஸ்பத்திரியும் மாலும். செட்டுக்காரர்களில் பலர் சீலிங் வேலைக்கு வந்துவிட்டார்கள்.

"உங்க மாடியில ஒழுகல் உண்டா அம்மா?" என்று கேட்டார். ஐப்பசி மழையில் ஒரு மூலையில் கசியும் என்றேன். "அப்போ இது ஏன்? ஜிப்சத்துக்கு ஈரம் ஆகாது, தொங்கிப் போகும். முதல்ல மேலே தட்டோடு பாருங்க, வெள்ளைச் சுண்ணாம்பு அடிங்க. வெயில் தளத்துல இறங்காம இருந்தா பாதி வேலை முடிஞ்சது."

வீட்டுக்கு வந்து சங்கத்துச் செயலாளர் மாமாவிடம் மாடிக்கு அனுமதி வாங்கினேன். அந்த வாரமே இரண்டு கோட்டு சுண்ணாம்பு அடித்தாயிற்று. ராத்திரி தளத்தைத் தொட்டால் பழைய கொதிப்பு இல்லை. பெண்ணும் குழந்தையும் இப்போதைக்கு ஹாலில் படுக்கிறார்கள். குழந்தைக்குப் பருத்தித் துணிதான், பவுடர் கிடையாது. வேர்க்குரு அடங்கி வருகிறது.

ஓடு ஒட்டி முடிந்ததும் சீலிங். ஆடியில் புதுமனை புகுவிழா இல்லாததால் ஆட்கள் சும்மா இருப்பார்கள், கூலியில் பேரம் பேசலாம் என்று அந்தப் பிள்ளையே ரகசியமாகச் சொன்னான். கிளாஸ் வுல் வைக்கும் இரண்டு நாள் குழந்தையை மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அந்தத் தூசி பட்டால் தோல் அரிக்கும். ரசீதில் சேனலின் கனத்தையும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன்.