இருபதில் ஒரு பங்கு

பெங்களூருவின் கிழக்குப் பகுதியில் கிருஷ்ணராஜபுரம் உள்ளது. 1864ஆம் ஆண்டில் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு கண்டோன்மென்ட்டுக்குப் போடப்பட்ட இருப்புப்பாதை இவ்வூர் வழியாகவே செல்கிறது. தமிழகத்திலிருந்து வேலை தேடிப் புறப்பட்ட எத்தனையோ குடும்பங்களைச் சுமந்து வந்த பாதை அது. அப்பாதைக்கு அருகில் உள்ள ஒரு வீட்டின் மாடியறையில், ஞாயிற்றுக்கிழமை தோறும் அரம் உராயும் ஓசை கேட்கும். அங்கே ஒரு தாத்தாவும் பேத்தியும் டீசல் எஞ்சின் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள்.

தாத்தா திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடிக் களைத்து வரும் டீசல் எஞ்சின்களை முழுவதும் பிரித்து, பழுது நீக்கி, மீண்டும் பூட்டி அனுப்பும் இடம் அது. பாட்டி மறைந்த பிறகு அவர் பெங்களூருவில் உள்ள மகள் வீட்டிற்கு வந்து சேர்ந்தார். பேத்தி அந்நகரிலேயே பிறந்தவள். ஏழாம் வகுப்பில் தமிழை விருப்பப் பாடமாகப் படிப்பவள்.

அவர்கள் தேர்ந்தெடுத்த எஞ்சினின் பெயர் டபிள்யூ.டி.எம்.2. அகலப்பாதையில் ஓடுவது, டீசலால் இயங்குவது, பயணிகள் வண்டி, சரக்கு வண்டி ஆகிய இரண்டையும் இழுப்பது, வரிசையில் இரண்டாம் வகை என்பதே அப்பெயரின் பொருள். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் வடிவமைத்த இவ்வகை எஞ்சின்கள் 1962இல் இந்தியாவிற்கு வந்தன. 1964 முதல் வாரணாசியிலேயே அவற்றைக் கட்டத் தொடங்கினர். ஆல்கோ நிறுவனம் 1969இல் மூடப்பட்டது. ஆயினும் அதன் எஞ்சின் இந்தியாவில் பல்லாண்டுகள் உற்பத்தியாகி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் நாடெங்கும் ஓடியது. இன்று மின்சார எஞ்சின்கள் பெருகிவிட்டன. தாத்தா தம் கையால் பூட்டிய எஞ்சின்கள் ஒவ்வொன்றாகத் தண்டவாளத்தை விட்டு இறங்கிக்கொண்டிருந்தன.

“கடையில் வாங்கிவிடலாமே தாத்தா?” என்று முதல் நாளே பேத்தி கேட்டாள்.

“வெளிநாடுகளிலிருந்து வரும் மாதிரிகள் பெரும்பாலும் 1,435 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதைக்கு ஏற்பச் செய்யப்பட்டவை. நம்முடைய அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். அவர்களுடைய சக்கரம் நம்முடைய தண்டவாளத்தில் நிற்காதம்மா. நமக்கு வேண்டியதை நாமே செய்துகொள்வோம்” என்றார் அவர்.

உண்மை எஞ்சினில் இருபதில் ஒரு பங்கு என்று அளவை முடிவு செய்தார்கள். பேத்தி கணக்கிட்டாள். எஞ்சினின் நீளம் 17,120 மில்லிமீட்டர். மாதிரியில் அது 856 ஆயிற்று. சக்கரத்தின் விட்டம் 1,092, அது 54.6 ஆயிற்று. தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 83.8 ஆயிற்று. “ஒன்றை நினைவில் வைத்துக்கொள். இங்கே ஒரு மில்லிமீட்டர் தவறினால், அங்கே இரண்டு சென்டிமீட்டர் தவறியதாகும்” என்றார் தாத்தா.

பீனியாவில் உள்ள ஒரு சிறிய லேத் பட்டறையில் சக்கரங்களைக் கடைந்து வாங்கினார்கள். எஸ்.பி. சாலைக் கடைகளில் சிறிய மோட்டார்களும் பல்சக்கரங்களும் மின்கலமும் கிடைத்தன. உடற்பகுதியைப் பி.வி.சி. தகட்டிலும், மேலுறையை மெல்லிய அலுமினியத் தகட்டிலும் அமைத்தார்கள். தகட்டின் பின்புறம் மழுங்கிய ஆணியை வைத்து மெல்லத் தட்டினால், முன்புறம் ரிவெட் போலச் சிறு புள்ளி எழும்பும். அப்படி நூற்றுக்கணக்கான புள்ளிகளைப் பேத்தி எழுப்பினாள். தாத்தாவின் கண்களில் புரை படர்ந்திருந்தது. அளவுகோலின் சிறு கோடுகள் அவருக்குத் தெரியவில்லை. எனவே அளப்பதும் வெட்டுவதும் அவளுடைய வேலையாயின. சொல்லித் தருவது அவருடைய வேலையாயிற்று.

எஞ்சினின் அடியில் இரண்டு போகிகள் உண்டு. ஒவ்வொரு போகியிலும் மூன்று அச்சுகள். பேத்தி அவ்விரண்டையும் தானே அளந்து, வெட்டி, சக்கரங்களைப் பொருத்தினாள். அதற்கு ஆறு வாரங்கள் ஆயின. வேலை முடிந்த அன்று பெருமையோடு அவற்றைத் தாத்தாவின் மடியில் வைத்தாள்.

அவர் குனிந்து பார்க்கவில்லை. விரல்களால் தடவினார். முதல் சக்கரம், இரண்டாவது, மூன்றாவது. விரல்கள் திரும்பவும் இரண்டாவது சக்கரத்துக்கு வந்து நின்றன.

“நடுச்சக்கரம் நடுவில் இருக்கிறதே அம்மா” என்றார்.

“நடுச்சக்கரம் நடுவில்தானே இருக்க வேண்டும்?”

“இந்த எஞ்சினில் அப்படி இல்லை. டீசல் நேராகச் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. அது ஜெனரேட்டரைச் சுழற்றும். அதில் பிறக்கும் மின்சாரம் மோட்டார்களுக்குப் போகும். அச்சுக்கு ஒரு மோட்டார். மூன்று மோட்டார்களும் ஒரே போகிக்குள் அமர வேண்டும். அவற்றுக்கு இடம் விட்டதால் நடுச்சக்கரம் ஒரு பக்கமாக நெருங்கி நிற்கும். பொன்மலையில் எத்தனை முறை அதைக் கழற்றி மாட்டியிருக்கிறேன்!”

பேத்தியின் முகம் வாடியது. ஆறு வாரங்களின் உழைப்பு அவள் கண்முன் கிடந்தது. “பார்க்கிறவர்களில் யாருக்குத் தெரியப்போகிறது தாத்தா?” என்றாள்.

தாத்தா சற்று நேரம் பேசாமல் இருந்தார். “எனக்குத் தெரிந்துவிட்டது. இப்போது உனக்கும் தெரியும்” என்று மட்டும் சொன்னார். மாற்று என்றும் சொல்லவில்லை. இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மாடியேறி வந்தபோது, இரு போகிகளும் பிரிக்கப்பட்டுக் கிடந்தன. பேத்தி புதிய தகட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவர் அவளருகே முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, அச்சுகளின் இடைவெளியைச் சொல்லத் தொடங்கினார்.

சில மாதங்களில் எஞ்சின் உருவம் பெற்றது. மொட்டை மாடியில் ஒட்டுப்பலகையின்மீது தண்டவாளம் அமைத்து அதனை வைத்தார்கள். சக்கரங்கள் சுழன்றன, எஞ்சின் மட்டும் நகரவில்லை. நின்ற இடத்திலேயே வழுக்கிக்கொண்டிருந்தது. பேத்தி மோட்டாரைச் சந்தேகித்தாள். “எடை போதவில்லை. தண்டவாளத்தை அழுத்திப் பிடிக்க எஞ்சினுக்குக் கனம் வேண்டும். உண்மை எஞ்சின் ஏறத்தாழ 112.8 டன்” என்றார் தாத்தா.

அவள் அதனை இருபதால் வகுக்கப் போனாள். பின்பு தானே நிறுத்திக்கொண்டாள். நீளம், அகலம், உயரம் மூன்றுமே இருபதில் ஒரு பங்காகக் குறைகின்றன. ஆகவே எடை எட்டாயிரத்தில் ஒரு பங்காகும். விடை 14.1 கிலோகிராம் என்று வந்தது. அந்த எடை வரும்வரை இரும்புத் துண்டுகளை உடற்பகுதிக்குள் அடுக்கினார்கள். இம்முறை எஞ்சின் அதிராமல் புறப்பட்டு, மாடியின் மறுகோடிவரை சென்று நின்றது. தாத்தா சக்கரங்களைப் பார்க்கவில்லை. கண்களை மூடி அவற்றின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எஞ்சின் எந்தப் பணிமனையைச் சேர்ந்தது என்று அதன் மேல் எழுதுவது வழக்கம். தாத்தா பொன்மலை என்றுதான் சொல்வார் எனப் பேத்தி எண்ணினாள். அவரோ, “கிருஷ்ணராஜபுரம் என்று எழுது. இங்கேயும் டீசல் பணிமனை உண்டு. எங்கே கட்டினார்கள் என்பதை வைத்து எஞ்சினுக்கு ஊர் சொல்வதில்லை, எங்கே பராமரிக்கிறார்களோ அதுவே அதற்கு ஊர்” என்றார்.

எஞ்சினின் கூரை திறந்து மூடும்படி அமைந்திருந்தது. அதன் உட்புறத்தில், வெளியில் தெரியாத இடத்தில், பேத்தி தமிழில் ஒரு வரி எழுதினாள். தாத்தாவால் அதைப் படிக்க இயலவில்லை. எனவே அவளே எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினாள்: “நடு சக்கரம் நடுவில் இல்லை.”

“இடையில் ஒரு ‘ச்’ விட்டுப்போயிற்றே” என்றார் தாத்தா.

இம்முறை அவள் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்கவில்லை. துணியால் அவ்வரியைத் துடைத்துவிட்டு, மீண்டும் தூரிகையை எடுத்தாள்.

சிந்தித்து எழுதுக

1. “எனக்குத் தெரிந்துவிட்டது. இப்போது உனக்கும் தெரியும்” – இக்கூற்று பேத்தியின் மனத்தில் ஏற்படுத்திய மாற்றத்தை விளக்குக.

2. உங்கள் வகுப்பறையின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை அளந்து, இருபதில் ஒரு பங்காகக் குறைத்து எழுதுக.

3. சேர்த்து எழுதுக: நடு + தெரு, நடு + கடல், நடு + பகல்.